பூஜ்யம்

நவம்பர் கடைசியில் ட்ரொம்ஸோவில்
சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கினால்
இரண்டு மாதம் எட்டிப் பார்க்காது.
ஊர் மீன் எண்ணெய் விழுங்கி, முகம் வெளிறி, சுவரைப் பார்த்துக் கிடக்கையில்
சுன்னிவா மட்டும்
பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு
முகமூடி இல்லாமல், கையுறைகூட இல்லாமல்
தெருச்சரிவில் சறுக்கிக்கொண்டிருப்பாள்.

ஏழு வயது.
கதிரவன் கொடுத்தவள் என்பது அவள் பெயருக்குப் பொருள்.
பெயர் வைத்த நாளில் யாருக்கும் எதுவும் தெரியாது.
முதல் மே மாதம், தள்ளுவண்டியில் இருபதே நிமிடம்,
கன்னங்கள் கொப்பளித்தன.

ஆஸ்பத்திரியில் மரபணுப் பிரிவுப் பெண்
பழைய சீட்டின் பின்பக்கத்தில் வரைந்தாள்:
ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இரண்டு மீட்டர் நூல்.
செல் இரண்டாகுமுன்
அறுநூறு கோடி எழுத்தையும் படியெடுத்தாக வேண்டும்,
ஒரு ராத்தூக்க நேரத்துக்குள்.
எழுதும் கையே பின்னால் திரும்பித் தப்பை அழிக்கும்.
அதன் கண்ணுக்கும் தப்பியதை
பின்னாலேயே வரும் இன்னொன்று பிடிக்கும்.
மிஞ்சுவது நூறு கோடிக்கு ஒன்று, ஏறக்குறைய.

தோர்லைஃப் மெல்ல விசிலடித்தான்.
படகு எஞ்சின் மெக்கானிக்.
பிரித்துப் பூட்டியபின் ஒரு போல்ட்டாவது
அவன் கையில் மிஞ்சாமல் இருந்ததில்லை.

வெயில் செய்வது வேறு, என்றாள் அவள்.
பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு தைமின்களை
நனைந்த தாள்களைப் போல ஒட்டிவிடும்.
நம் தோலில் ஒரு கத்தரிக்கோல் வரும்.
சுற்றிலும் முப்பது எழுத்தை வெட்டி எறியும்.
எதிர் இழையைப் பார்த்து
விட்ட இடத்தை எழுதி, ஒட்டுப் போட்டு மூடும்.
தினமும். நீங்கள் காப்பி குடிக்கையில்.
பேனாவை மூடினாள்.
இவளுக்கு அந்தக் கத்தரிக்கோல் வருவதில்லை.

எங்கிருந்து வந்தது இது, என்றாள் ராக்ன்ஹில்ட்.
ஒரு பிரதி உங்களிடமிருந்து,
ஒரு பிரதி இவரிடமிருந்து.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று
நம் பக்கம் சொல்வோம்.
இங்கே யாரும் கெடுக்கவில்லை.
எப்போதோ, காட் மீன் காயவைத்த ஏதோ ஒரு தீவில்
பெயர் தங்காத ஒருவர் உடம்புக்குள்
ஒரே ஓர் எழுத்து மாறியது.
அதன்பின் எத்தனை தலைமுறை, எத்தனை கோடிக் கைகள்,
அந்தப் பிழையை
ஒரு புள்ளி பிசகாமல்
படியெடுத்துக் கொடுத்திருக்கின்றன.
என்ன எழுதுகிறோம் என்று
கேட்கவே தெரியாத விசுவாசம்.

ஜூனில் நள்ளிரவிலும் வெயில் சன்னலைத் தட்டும்.
அப்போது வீடுதான் ஊர்.
கண்ணாடிக்கெல்லாம் படலம் ஒட்டி
தோர்லைஃப் கருவியோடு அறை அறையாய் அளப்பான்,
எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பவனைப் போல.

ஜனவரி இருபத்தொன்று.
சூரியன் திரும்பும் நாள்.
பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் திறந்து விட்டது.
ஜாம் வைத்த, சர்க்கரையில் புரண்ட சூரிய பன்கள்
எல்லார் கையிலும்.
பக்கத்து வீட்டு ஈவர் ஒன்றைக் கொண்டுவந்து
சன்னலுக்கு வெளியே தூக்கிக் காட்டினான்.

தோர்லைஃப் படியில் நின்று அளந்தான். பூஜ்யம்.
பனியின் மேல் பிடித்து அளந்தான். பூஜ்யம்.
கருவியைத் துடைத்து, மலை இடுக்குக்கு நேரே நீட்டினான்.
பூஜ்யம்.
ராக்ன்ஹில்ட் கதவை மறித்து நின்றாள்.
அவன் எதுவும் பேசவில்லை. கருவியைத் திருப்பிக் காட்டினான்.
அவள் படித்தாள்.
மீண்டும் படித்தாள்.
நகர்ந்தாள்.

நான்கு நிமிடம்.
கீறிய செம்பு விளிம்பாய்
மலைக்கும் மேகத்துக்கும் நடுவே அது நின்றது.
எல்லோரும் கத்தினார்கள்.
சுன்னிவா கத்தவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு,
இவ்வளவுதானா, என்றாள்.
பிறகு ஈவரிடம்,
உன் பன்னில் ஜாம் அதிகமா இருக்கு.

அன்றிரவு அவள் தூங்கினாள்.
உள்ளே படியெடுப்பு நடந்தது,
சரியும் பிழையும் ஒரே கவனத்தோடு.
அடுக்களை மேசையில் தோர்லைஃப்
கருவியின் முதுகைத் திறந்து
பேட்டரி மாற்றினான்.
பிப்ரவரி வருகிறது.